பிளாஸ்மா கட்டர் டிப்: தேய்ந்ததைச் சீர்செய்து மறுபடி ஓட்டும் முறை

மின் ஆர்க்கால் காற்றைச் சூடாக்கி, அந்த ஜெட்டால் உலோகத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா மிஷின் ஒரு தடவை வாங்குவது. அதன் டார்ச்சின் (கையில் பிடித்து வெட்டும் பகுதியின்) நுனியில் இருக்கும் டிப்பும் (ஜெட் வெளிவரும் துளையுள்ள நாசில்), அதற்குள் ஆர்க்கைத் தரும் எலக்ட்ரோடும் அப்படியல்ல, வேலை நடக்கும் வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கேட், கிரில், ஷெட் வேலை பார்க்கும் சிறிய பட்டறையில் இந்தச் சில்லறைச் செலவு கணக்கில் வராமலே பெரிதாகிவிடும். கழற்றிப் போட்ட டிப்புகளை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், அவற்றில் பல இன்னும் வேலை செய்யக்கூடியவை என்று தெரியும். முகத்தில் கசடு ஒட்டியதாலோ, துளையின் வெளி விளிம்பு லேசாகச் சிதைந்ததாலோ வெட்டு கோணலாகி, "போச்சு" என்று கழற்றப்பட்டவை அவை.

கம்ப்ரசர் காற்றில் ஓடும், கையால் பிடித்து வெட்டும் ஏர் பிளாஸ்மாவைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். குறிப்பாக, கட் 100 வகை இன்வெர்ட்டர் பிளாஸ்மா மிஷின்களோடு வரும் பி80 டார்ச். பிடி31, ஏஜி60 டார்ச்சுகளுக்கும் முறை இதேதான், அளவுகள் மாறும். கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு டேபிளில் ஓடும் உயர்துல்லிய டார்ச்சுகளின் நாசிலில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஒரு தகடு வீணானாலே மிச்சம் பிடித்த பணமெல்லாம் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்பைச் சீர்செய்வது லாபம். எலக்ட்ரோடைச் சீர்செய்வது பெரும்பாலும் நஷ்டம். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் கடைசியில் டார்ச் ஹெட்டையே மாற்ற வேண்டி வரும்.

எது, ஏன் தேய்கிறது

எலக்ட்ரோடு செம்பால் ஆனது. அதன் நுனி நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு குச்சி பதித்திருக்கும். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், ஹாஃப்னியம் 2,200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். ஆர்க் நிற்பது இந்தக் குச்சியின் மேல்தான். ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் அணையும்போதும் உருகிய ஹாஃப்னியத்தில் ஒரு துளி தெறித்துப் போகும். அதனால்தான் நடுவில் குழி விழுகிறது. எத்தனை மீட்டர் வெட்டினோம் என்பதைவிட எத்தனை தடவை ட்ரிக்கரை அழுத்தினோம் என்பதே எலக்ட்ரோடின் ஆயுளை அதிகம் தின்கிறது.

டிப் முழுக்கச் செம்பு. அதன் ஒரு மில்லிமீட்டர் துளை வழியாக 20,000 டிகிரியையொட்டிய சூட்டில் பிளாஸ்மா போகிறது, ஆனாலும் செம்பு உருகுவதில்லை. ஸ்விர்ல் ரிங் (டார்ச்சுக்குள் இருக்கும், சாய்ந்த துளைகள் கொண்ட வளையம்) சுழற்றி விடும் குளிர்ந்த காற்று துளையின் சுவரை ஒட்டி ஒரு படலமாக ஓடுவதுதான் காரணம். அந்தப் படலம் எங்கே கலைகிறதோ அங்கே செம்பு கரையும்.

டிப் இரண்டு விதமாகத் தேயும், இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று வெளித் தேய்வு. தகட்டைத் துளைக்கும்போது மேலே தெறிக்கும் உருகிய இரும்பு முகத்தில் ஒட்டுவது, டிப்பைத் தகட்டில் உரசி இழுப்பது, இவற்றால் துளையின் வெளி வாய் சிதைகிறது. இதைச் சீர்செய்யலாம். இன்னொன்று உள் தேய்வு. குழி விழுந்த எலக்ட்ரோடோடு ஓட்டியது, காற்றில் ஈரம், அழுத்தம் போதாமை, இவற்றால் துளையின் உள் வாய் புனல் போல் அகன்றுவிடும். உள்ளே அகன்றதை மீட்க வழியில்லை.

தரம் பிரித்தல்

டார்ச்சைத் தொடுவதற்கு முன் மிஷினை ஆஃப் செய்து, ஏர் வால்வையும் மூடுங்கள். இந்த மிஷின்களில் ட்ரிக்கரை அழுத்தினால், ஆர்க் பிடிக்கும் முன்பே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி வரும். டிப்பைக் கழற்றும்போது ட்ரிக்கரில் தவறிக் கை பட்டால் அது உயிருக்கு ஆபத்து. வெட்டி முடித்த உடனே கழற்றினால் கையும் வெந்துவிடும், ஆறட்டும்.

கழற்றிய டிப்பை நகைப் பட்டறையில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். முதலில் வெளிப்பக்கம், அப்புறம் ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்து உள்பக்கம். துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்திருக்கிறதா? உள் வாயின் விளிம்பு கூராக இருக்கிறதா, உருகி வழிந்திருக்கிறதா?

கண் சொல்வதை அளவாலும் உறுதி செய்யுங்கள். சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) சிறு டிரில் பிட்டின் பின்பக்கத் தண்டு ஏறக்குறைய அதே விட்டம்தான் இருக்கும். 1.0 மி.மீ. முதல் 1.7 மி.மீ. வரை 0.1 வித்தியாசத்தில் ஒரு செட் வாங்கி, வெர்னியர் காலிப்பரில் அளந்து வைத்துக்கொண்டால் அதுவே கேஜ். 1.3 டிப்பில் (அதாவது 1.3 மி.மீ. துளை உள்ள டிப்பில்) 1.3 தண்டு போய் 1.4 போகாவிட்டால் துளை பிழைத்திருக்கிறது. 1.4 எளிதாகப் போய், ஆனால் உள்பக்கம் நன்றாக இருந்தால் அடுத்த அளவுக்கு ஏற்றலாம். உள் வாய் உருகியிருந்தாலோ, உடம்பில் விரிசல் இருந்தாலோ, டார்ச்சில் உட்காரும் விளிம்பு கருகிக் குழிந்திருந்தாலோ அது செம்பு விலைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

மூன்று டப்பா வையுங்கள்: சுத்தம் செய்தால் போதுமானவை, முகம் தேய்க்க வேண்டியவை, துளை ஏற்ற வேண்டியவை. ஒரு டிப்புக்காக லேத்தைக் கிளப்புவது நேர விரயம். சேர்த்து வைத்து, வேலை குறைந்த நாளில் மொத்தமாகப் பாருங்கள்.

முதல் படி: சுத்தம்

முகத்தில் ஒட்டிய கசடை உளி வைத்துக் கொத்தக் கூடாது. செம்பு மெத்தென்ற உலோகம், விளிம்பு உடனே சிதைந்துவிடும். பழைய பித்தளைத் துண்டின் ஓரத்தைக் கூராக்கி, துளையிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அப்புறம் பித்தளை பிரஷ்.

கருத்துப்போன செம்புக்கு, நம் வீடுகளில் செப்புப் பாத்திரத்துக்குச் செய்வதையே செய்யலாம். புளிக் கரைசலில் சற்று நேரம் ஊறப் போட்டுத் தேய்த்தால் ஆக்சைடு போய்விடும். இது அழகுக்காக இல்லை. டார்ச்சோடு தொடும் இடத்தில் ஆக்சைடு இருந்தால் சூடு வெளியேறாது, பைலட் ஆர்க்கும் (எலக்ட்ரோடுக்கும் டிப்புக்கும் இடையே முதலில் பிடிக்கும் ஆர்க்) சரியாகப் பிடிக்காது. உப்புச் சேர்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, தின்னர் அல்லது அசிட்டோனில் கழுவி, முழுக்கக் காய விடுங்கள்.

கேஸ் கட்டிங் நாசிலுக்கு வரும் டிப் கிளீனர் ஊசிகளை இங்கே பயன்படுத்தாதீர்கள். அவற்றில் ரம்பப் பற்கள் உண்டு. அவை துளைச் சுவரில் விடும் நீளக் கீறல்கள் காற்றுப் படலத்தைக் கலைத்துவிடும், டிப் அந்த இடத்திலிருந்து கரையத் தொடங்கும். பட்டறைகளில் நல்ல டிப்புகள் கெடுவது இந்த ஊசியால்தான் அதிகம் என்பது என் எண்ணம். துளைக்குள் அடைப்பு இருந்தால் மரப் பல்குச்சி போதும்.

இரண்டாம் படி: முகத்தைச் சமன் செய்தல்

வெளி வாய் லேசாகச் சிதைந்த டிப்புக்கு இதுவே முழு வைத்தியம். தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்துத் தண்ணீர் தெளியுங்கள். டிப்பைச் செங்குத்தாகப் பிடித்து எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை டிப்பைக் கால் வட்டம் திருப்பிப் பிடியுங்கள். சிதைவு மறைந்ததும் 800 நம்பர், கடைசியில் 1200. கையால் நேராகப் பிடிக்க வரவில்லை என்றால், டிப்பின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் துளை போட்ட ஒரு நைலான் கட்டையைக் கைடாக வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தேய்க்கலாம்? புது டிப் ஒன்றின் மொத்த உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். அதிலிருந்து 0.3 மி.மீ. குறைந்தால் நிறுத்திவிடுவது என் வழக்கம். துளையின் நீளம்தான் பிளாஸ்மாவை நேர்க்கோட்டில் அனுப்புகிறது. அது குறையக் குறைய ஜெட் விரியும், வெட்டு அகலமாகும், ஓரம் சாயும்.

தேய்த்த பிறகு துளை விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைக் கவுண்டர்சிங்க் பிட் வைத்து எடுக்கத் தோன்றும். வேண்டாம். வெளி வாய் கூரான செங்கோணமாக இருக்க வேண்டும், சாய்வு வெட்டினால் ஜெட் அங்கேயே விரிந்துவிடும். 1200 பேப்பரில் இரண்டு மென்மையான சுற்று, உள்ளே பல்குச்சியால் ஒரு சுழற்று. பிசிறு போய்விடும்.

மூன்றாம் படி: துளையை அடுத்த அளவுக்கு ஏற்றுதல்

துளை முட்டை வடிவாகி, ஆனால் உள்பக்கம் நன்றாக இருக்கும் டிப்புக்கு இது. 1.1 டிப்பை 1.3 ஆக்கலாம், 1.3-ஐ 1.5 ஆக்கலாம். 1.7-க்கு மேல் பி80-யில் போக இடமில்லை.

லேத் இல்லாமல் இதைச் செய்ய நினைக்காதீர்கள். கையில் பிடித்த டிரில்லில் துளை நடு விலகும். நூலிழை விலகினாலும் ஆர்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செய்த வேலையெல்லாம் வீண். சொந்த லேத் இல்லாதவர்கள் பக்கத்து லேத் பட்டறையில் மொத்தமாகக் கொடுத்து வாங்கலாம். ஆனால் கீழே உள்ள விவரங்களை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

டிப்பை நேராக மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் செம்பு நசுங்கும். ஒரு பக்கம் பிளந்த அலுமினிய புஷ் போட்டு மெதுவாக இறுக்குங்கள். டயல் கேஜ் வைத்து, டார்ச்சில் உட்காரும் பகுதி ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். முகப்பக்கம் உள்ளே, குழிவான பக்கம் டெயில்ஸ்டாக்கை (டிரில் மாட்டும் லேத்தின் எதிர்முனை) பார்த்து இருக்கட்டும். அதாவது துளையை உள்ளிருந்து வெளியே ஓட்ட வேண்டும். டிரில் வெளியேறும் பக்கத்தில்தான் பிசிறு விழும். அது வெளிமுகத்தில் விழுந்தால் பேப்பரில் தேய்த்து எடுத்துவிடலாம். உள் வாயில் விழுந்தால் ஆர்க் அந்தப் பிசிறைத்தான் முதலில் பிடிக்கும், டிப் சீக்கிரமே எரிந்துபோகும்.

செம்பு டிரில்லைக் கவ்வி இழுக்கும். பிட்டின் வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டையாக்கினால் கவ்வாது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எடுத்துச் சீவலை வெளியேற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் கார்பைடு பிட்டுகள் மிகச் சுத்தமான துளை தரும், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கிடைக்கும். ஆனால் லேசாக வளைந்தாலே ஒடிந்துவிடும். லேத்தில் நடுவம் துல்லியமாக இருந்தால் மட்டும் அவற்றைப் போடுங்கள்.

முடிந்ததும் இரண்டாம் படியில் சொன்னபடி முகத்தை லேசாகத் தேய்த்து, தின்னரில் நன்றாகக் கழுவுங்கள். துளைக்குள் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது.

இனி அந்த டிப் பழைய ஆம்பியருக்கு உரியதல்ல. பொதுவாக 1.1 டிப் 40 முதல் 50 ஆம்பியருக்கும், 1.3 டிப் 60-க்கும், 1.5 டிப் 80-க்கும், 1.7 டிப் 100-க்கும் பக்கமாக ஓடும். உங்கள் டிப் பாக்கெட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பெரிய துளையில் குறைந்த ஆம்பியர் ஓட்டினால் ஆர்க் சோம்பலாகி வெட்டு அகலும். சிறிய துளையில் அதிக ஆம்பியர் ஓட்டினால் இரட்டை ஆர்க் வரும். ஆர்க் எலக்ட்ரோடிலிருந்து டிப்புக்கும், டிப்பிலிருந்து தகட்டுக்கும் தாவி, கண் இமைக்கும் நேரத்தில் டிப்பைத் தின்றுவிடும். அதனால் ஏற்றிய அளவை டிப்பின் பக்கவாட்டில் ஸ்க்ரைபரால் கீறி வையுங்கள். பஞ்ச் அடிக்க வேண்டாம், உட்காரும் இடம் கோணிவிடும். துளை பெரிதானால் காற்றும் அதிகம் செலவாகும், உங்கள் கம்ப்ரசர் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோடு: எங்கே நிறுத்துவது

முதலில் குழியின் ஆழத்தை அளக்க வேண்டும். வெர்னியரின் ஆழ அளவுத் தகடு அந்தக் குழிக்குள் போகாது. எலக்ட்ரோடின் நீளத்தை அளந்துகொண்டு, 1 மி.மீ. டிரில் தண்டின் ஒரு சிறு துண்டைக் குழியில் நிறுத்தி மொத்த நீளத்தை அளந்து, தண்டின் நீளத்தைக் கழியுங்கள். அதையும் எலக்ட்ரோடின் நீளத்தையும் ஒப்பிட்டால் குழியின் ஆழம் வந்துவிடும். ஏர் பிளாஸ்மாவில் குழி 1 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுவது பாதுகாப்பு. சில கை டார்ச்சுகளுக்கு 1.6 மி.மீ. வரை அனுமதி உண்டு, கையேட்டைப் பாருங்கள். எல்லை தாண்டினால் ஆர்க் செம்பையே பிடித்து உருக்கும். அந்தச் செம்பு டிப்பின் உள் வாயில் தெறிக்கும். கடைசியில் எலக்ட்ரோடை மிச்சம் பிடிக்கப் போய் டிப்பும் போகும், சில சமயம் டார்ச் ஹெட்டும் உருகும்.

குழியைச் சுற்றியுள்ள செம்பைத் தேய்த்து ஹாஃப்னியத்தை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வேலை செய்யும், ஆனால் எலக்ட்ரோடு குட்டையாகிறது. எலக்ட்ரோடுக்கும் டிப்புக்கும் உள்ள இடைவெளி கூடுவதால் ஆர்க் பிடிப்பது சிரமம். டார்ச்சுக்குள்ளேயே எலக்ட்ரோடு முன்னும் பின்னும் நகர்ந்து ஆர்க் பிடிக்கும் வகையில் இதைச் செய்யவே கூடாது. எச்எஃப் (உயர் அதிர்வெண்) மின்பொறியில் ஆர்க் பிடிக்கும் டார்ச்சில், குழி அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது ஒரே ஒரு முறை செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம். உள்ளே எவ்வளவு ஹாஃப்னியம் மிச்சம் இருக்கும் என்று தெரிந்துகொள்ள, செத்த எலக்ட்ரோடு ஒன்றை வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஹாஃப்னியம் குச்சி எவ்வளவு சிறியது என்று கண்ணால் பார்த்தவர் அதற்குப் பிறகு எலக்ட்ரோடில் கஞ்சத்தனம் காட்ட மாட்டார்.

தேய்ப்பதானால் தண்ணீர் விட்டு, கையால், பேப்பரில் மட்டும் தேய்க்க வேண்டும். ஹாஃப்னியத்தின் நுண்தூள் காற்றில் தானே தீப்பற்றக்கூடியது. கிரைண்டரில் உலர்வாகத் தேய்ப்பதும், அந்தத் தூளை வேஸ்ட் துணியில் துடைத்து மூலையில் போடுவதும் ஆபத்து.

குச்சியைப் பிடுங்கிவிட்டு டிக் வெல்டிங்கில் போடும் டங்ஸ்டன் குச்சியைத் திணிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டங்ஸ்டன் நைட்ரஜன், ஆர்கான்-ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்கு உரியது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதைப் பொசுக்கிவிடும்.

மற்றவை

ஷீல்டு கப்பின் (டிப்பைச் சுற்றி மூடிப் பிடிக்கும் வெளி மூடி) உள்ளே ஒட்டிய கசடைத் தட்டி எடுங்கள், விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஸ்விர்ல் ரிங்கின் சாய்ந்த துளைகளைக் காற்றால் ஊதினால் போதும், ஊசி விடாதீர்கள். அந்தத் துளைகளின் சாய்வுதான் சுழற்சியைத் தருகிறது. ஓ-ரிங் இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். எலக்ட்ரோடை உரிய சாவியில் (ஸ்பேனரில்) இறுக்குங்கள். கை இறுக்கம் மட்டும் வைத்தால் சூடு கடத்தாமல் திருகு மரையே கருகும்.

வெட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல்

சீர்செய்த டிப்பை நேரே கஸ்டமர் தகட்டில் வைக்காதீர்கள். 6 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) கழிவுத் தகட்டில் ஒரு சதுரம் வெட்டுங்கள். சுழலும் காற்றினால், பொதுவாக வெட்டு போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேராக வரும், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும். ஆகவே வலப்பக்க ஓரத்தை மட்டும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் டிப் தேறிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கோணினால், மிஷினை ஆஃப் செய்து டிப்பைக் கால் சுற்று திருப்பிப் பொருத்தி மறுபடி வெட்டுங்கள். கோணலும் கூடவே திரும்பினால் துளையில் பிழை. திரும்பாவிட்டால் டார்ச் பிடிக்கும் கையிலோ ஸ்விர்ல் ரிங்கிலோ பிழை.

தேறியவற்றிலும் இரண்டு தரம் வையுங்கள். சுத்தம் மட்டும் செய்தவை எந்த வேலைக்கும் போகலாம். துளை ஏற்றியவை பழைய இரும்பு நறுக்க, தடிமனான தகட்டை முரட்டுத்தனமாகப் பிரிக்க, பின்னால் கிரைண்டிங் போகப்போகும் வேலைக்கு. ஸ்டெயின்லெஸ் கேட்டின் பூ வேலைக்குப் புது டிப்பே போடுங்கள். ஒவ்வொரு முறை சீர்செய்யும்போதும் பக்கத்தில் ஒரு கோடு கீறுங்கள். இரண்டு கோடு விழுந்த டிப் மறுபடி மேஜைக்கு வர வேண்டாம்.

தேய்வைத் தள்ளிப்போடுதல்

மேலே சொன்னதையெல்லாம்விட அதிகம் மிச்சம் பிடிப்பது காற்றுதான். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காலையிலும் மதியமும் டிரெய்ன் செய்யுங்கள். ஃபில்டரைக் கம்ப்ரசர் பக்கத்தில் மாட்டினால் பயன் குறைவு. அங்கே காற்று சூடாக, ஈரம் ஆவியாகவே கடந்துவிடும். குழாயில் நீளமாக ஓடி ஆறிய பிறகு, மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டினால் தண்ணீர் ஃபில்டரில் நிற்கும். அதற்கு அடுத்து சிலிக்கா ஜெல் டிரையர் வைத்தால் இன்னும் நல்லது. நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் காய வைத்து அதே ஜெல்லை மறுபடி போடலாம். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மிஷினுக்குப் போகும் ஏர் ஹோஸைக் கழற்றி வெள்ளை டிஷ்யூவில் ஊதிப் பாருங்கள். ஈரமோ மஞ்சள் கறையோ தெரிந்தால் அன்று வெட்ட வேண்டாம்.

அழுத்தம் 4 முதல் 5 பார் என்று சொன்னால், அது காற்று ஓடும்போது காட்ட வேண்டிய அளவு. நிற்கும்போது 5 காட்டி, ஓடும்போது 3-க்கு இறங்கினால் டிப்பின் உள் வாய் எரியும்.

துளைக்கும்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஆர்க்கைப் பிடியுங்கள், தெறிப்பு ஒரு பக்கமாகப் போகும். துளை விழ விழ நிமிர்த்திக் கொண்டுவாருங்கள். முடிந்தால் தகட்டின் ஓரத்திலிருந்தே தொடங்குவது இன்னும் நல்லது. 40 ஆம்பியருக்கு மேல் டிப்பைத் தகட்டில் தொட்டு இழுக்கக் கூடாது. இரண்டு சக்கர ரோலர் கைடு மாட்டினால் 2, 3 மி.மீ. இடைவெளி தானாக நிற்கும், கையும் வலிக்காது. பைலட் ஆர்க்கை வெறுங்காற்றில் கொளுத்தி வேடிக்கை காட்டும் பழக்கத்தைப் பையன்களிடம் முதலிலேயே நிறுத்திவிடுங்கள். வெட்டு முடிந்து ட்ரிக்கரை விட்ட பிறகும் காற்று சில வினாடி ஓடி டிப்பைக் குளிர்விக்கும். அது நிற்கும் வரை ஏரையோ மெயினையோ ஆஃப் செய்ய வேண்டாம்.